டைல்ஸ் தொழிலின் முதற் கணக்கு



வீட்டிலும் கல்லூரியிலும், மருத்துவமனையிலும் புகைவண்டி நிலையத்திலும் நம் பாதங்கள் நாள்தோறும் தரையின்மீது படுகின்றன. சுவரின் நிறத்தைப் பற்றிப் பேசுகிறோம். கதவின் வேலைப்பாட்டைத் தடவிப் பார்க்கிறோம். தரையையோ, அது செம்மையாக இருக்கும் வரையில் நாம் நினைப்பதே இல்லை. ஓர் ஓடு அசைந்து காலை இடறிவிட்டால்தான் 'இதைப் பதித்தவர் யார்?' என்று கேட்கிறோம். அவ்வாறு நம் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து நிற்கும் ஒரு தொழிலாளியைப் பற்றியே இன்று பேச விழைகிறேன். அவருடைய கைத்திறனைப் பற்றி அன்று. கூலிக்குச் சென்றவர் தாமே ஒரு தொழிலை நடத்தத் துணியும்போது போட வேண்டிய முதற் கணக்கைப் பற்றி.

'இந்தக் கணக்கு எங்களுக்கு எதற்கு?' என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நாளை உங்களுள் ஒருவர் பொறியாளர் ஆவார். ஒருவர் வங்கியில் அமர்ந்து கடன் விண்ணப்பங்களைப் படிப்பார். ஒருவர் வீடு கட்டுவார். கொத்தனாரின் மகனாக இருந்து இன்று கல்லூரியில் படிப்பவரும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். இவர்கள் எல்லாருக்கும் இந்தக் கணக்கு உதவும். மேலும், பொருள்களின் பெயரை மாற்றிக்கொண்டால், தச்சுப் பட்டறைக்கும் தையற்கடைக்கும் இதே கணக்குப் பொருந்தும்.

தமிழ்நாட்டில் தரை போடும் கலை புதிதன்று. செட்டிநாட்டு ஆத்தங்குடியில் சிமெண்டும் மணலும் வண்ணமும் சேர்த்து, கண்ணாடிப் பலகையின்மேல் வார்த்து, சூளையில் சுடாமலே, நீரிலும் நிழலிலும் பதப்படுத்திச் செய்யும் பூவோடுகள் நாடறிந்தவை. பின்னர்ச் சிவப்புக் காவித் தரையும் மொசைக் தரையும் நம் வீடுகளில் பரவின. இன்று குஜராத் மாநிலத்து மோர்பி நகரைச் சூழ்ந்த தொழிற்சாலைகளே நம் நாட்டு டைல்ஸில் பெரும்பகுதியைச் செய்து அனுப்புகின்றன. இவ்வாறு வந்த புதுவகை ஓடுகளுள் 'விட்ரிஃபைடு' எனப்படுபவை மிகக் கடுஞ்சூட்டில் வெந்து இறுகியவை. தம் எடையில் நூற்றில் அரைப் பங்கு நீரைக்கூட உறிஞ்சாதவை. நீரை உறிஞ்சாத ஓட்டை வெறும் சிமெண்டுப் பால் எளிதில் பற்றிக்கொள்ளாது. ஆகவே தனிப் பசையும், பல் வைத்த கரணையும், ஓட்டுக்கு ஓடு விடவேண்டிய இடைவெளியும், மட்டம் பார்க்கும் கருவியும் தேவையாயின. சுவர் கட்டும் கொத்தனார் ஒழிந்த நேரத்தில் செய்துவந்த வேலை, இக்காரணத்தால் தனித் தொழிலாகப் பிரிந்தது. உலகத் திறன் போட்டிகளில் சுவருக்கும் தரைக்கும் ஓடு பதித்தல் ஒரு தனித் திறனாகவே இடம்பெற்றுள்ளது.

தொழில் பயிலும் இளைஞர்களுக்குக் கணக்குச் சொல்லித் தரும் வாய்ப்பு எனக்கு உண்டு. நான்கைந்து ஆண்டு பிறரிடம் வேலை செய்து கை தேர்ந்தவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "ஐயா, ஐம்பதாயிரம் ரூபாய்க்குக் கருவி வாங்கிவிட்டால் நானே தொழில் தொடங்கிவிடலாம் அல்லவா?" இந்தக் கேள்விக்கு 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ நான் விடை சொல்வதில்லை. "ஒரு தாளை எடுங்கள்; மூன்று பகுதியாகக் கோடிடுங்கள்" என்பேன். முதற் பகுதி ஒருமுறை செய்யும் செலவு. இரண்டாம் பகுதி, வருமானம் கைக்கு வரும் வரையில் நாள்தோறும் ஓடிக்கொண்டிருக்கும் செலவு. மூன்றாம் பகுதி, இன்னதென்று இப்போது சொல்ல முடியாத செலவு. இம்மூன்றும் சேர்ந்ததே முதல். முதற் பகுதியை மட்டும் முதல் என்று எண்ணுவது, விதை நெல்லை மட்டும் வைத்துக்கொண்டு உழவு தொடங்குவது போன்றது.

ஓர் எடுத்துக்காட்டை நாம் சேர்ந்தே போட்டுப் பார்ப்போம். நான் சொல்லும் தொகைகள் கணக்கு விளங்குவதற்காகக் கொண்டவை. ஊருக்கு ஊர் அவை மாறும். முறை மாறாது. டைல்ஸ் பதிப்பதில் தேர்ந்த ஓர் இளைஞர், தம்முடன் இன்னொரு கொத்தனாரையும் இரண்டு உதவியாளர்களையும் சேர்த்துக்கொண்டு தொழில் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓடும் பசையும் வீட்டுக்காரர் வாங்கித் தருவார். இவர் கூலிக்கு மட்டும் ஒப்புக்கொள்கிறார்.

முதலில் கருவிகள். பெரிய ஓடுகளைக் கீறி ஒடிக்கும் நீண்ட கட்டர் 12,000 ரூபாய். கையால் பிடித்து அறுக்கும் கிரைண்டர் இரண்டு, தலா 3,000 வீதம் 6,000. நீர் ஊற்றி அறுக்கும் பொறி 5,000. பசை கலக்கும் பொறி 5,000. ஒளிக்கோட்டால் மட்டம் காட்டும் லேசர் கருவி 8,000. ரசமட்டம், மூலைமட்டம், நீண்ட மட்டப்பலகை, பல் கரணைகள், ரப்பர்ச் சுத்தியல், ஓட்டைத் தூக்கும் உறிஞ்சுபிடி, வாளி, நூல் ஆகியவற்றுக்கு 9,000. நால்வருக்கும் முகக்கவசம், கண்ணாடி, கையுறை, முழங்கால் மெத்தை, காலணி 6,000. மின்கம்பியும், மின்கசிவு நேர்ந்தால் உடனே மின்னோட்டத்தை நிறுத்தும் தடுப்பானும் 3,000. கூட்டிப் பாருங்கள்: 54,000 ரூபாய்.

இந்தப் பட்டியலைக் குறைக்க வேண்டும் என்று சொன்னால், பலரும் முதலில் அடித்துவிடுவது முகக்கவசத்தையும் நீர் ஊற்றி அறுக்கும் பொறியையும்தான். இங்கே சற்று நிற்க விரும்புகிறேன். ஓட்டை உலர்ந்த நிலையில் அறுக்கும்போது எழும் வெண்புழுதியில் சிலிக்கா என்னும் பொருளின் நுண்துகள்கள் கலந்திருக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கிலேயே தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத துகளோ நுரையீரலின் ஆழத்துக்குச் சென்று படியும். அங்கே அது தழும்பை உண்டாக்கி, ஆண்டுகள் செல்லச் செல்ல நுரையீரலை இறுகச் செய்யும். சிலிக்கோசிஸ் என்னும் இந்நோயை முற்றும் போக்கும் மருந்து இல்லை. துண்டை முகத்தில் சுற்றிக்கொள்வதால் இத்துகளைத் தடுக்க முடியாது. அறுக்கும் இடத்தில் நீர் விழுந்தால் புழுதி பெரும்பாலும் சேறாகி அடங்கும். எஞ்சியதை உரிய முகக்கவசம் தடுக்கும். நீரும் மின்சாரமும் ஓரிடத்தில் சேர்வதால்தான் மின்கசிவுத் தடுப்பானையும் பட்டியலில் சேர்த்தேன். இருபத்தைந்து வயதில் மிச்சம் பிடித்த சில ஆயிரம் ரூபாயை நாற்பத்தைந்து வயதில் எந்த விலை கொடுத்தும் திருப்ப முடியாது. ஆகவே, பட்டியலில் எந்த வரியை அடித்தாலும் இந்த வரிகளை அடிக்காதீர்கள்.

அடுத்து, கருவியல்லாத ஒருமுறைச் செலவுகள். பெயர்ப்பலகை, ரசீதுப் புத்தகம், அளவுக் குறிப்பேடு போன்றவற்றுக்கு 6,000 ரூபாய். வங்கியில் தொழிற் கணக்குத் தொடங்கி, அதில் எடுக்காமல் வைத்திருக்க வேண்டிய தொகை 5,000; இது செலவன்று, ஆயினும் நம் கைக்கு உதவாத பணம். நால்வருக்கும் விபத்துக் காப்புறுதிக்கு 4,000. கருவி வைக்கும் சிறு அறைக்கு முன்பணம் 10,000. ஆக 25,000 ரூபாய். சிறுதொழிலைப் பதிவு செய்யும் உத்யம் பதிவுக்கு 2020-ஆம் ஆண்டு முதல் கட்டணம் இல்லை. அதைப் பெற்றுத் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் ஏமாற வேண்டாம். கட்டடத் தொழிலாளர் நலனுக்கென நம் மாநிலத்தில் 1994-இல் வாரியம் ஏற்பட்டது. அதில் தம்மையும் தம் ஆட்களையும் பதிவு செய்துகொள்வது நலம்.

கருவிக்கு 54,000, மற்றவற்றுக்கு 25,000. முதற் பகுதி 79,000 ரூபாயில் முடிந்தது. என்னிடம் கேள்வி கேட்கும் இளைஞர் இவ்விடத்தில் தாளை மடிக்கத் தொடங்குவார். "இன்னும் பாதி வழிகூட வரவில்லை, தம்பி" என்று நான் தடுப்பேன்.

இரண்டாம் பகுதிக்கு வருவோம். கொத்தனாருக்கு நாளொன்றுக்கு 1,100 ரூபாய், உதவியாளர்களுக்குத் தலா 700 ரூபாய் எனக் கொண்டால், நாட்கூலி 2,500 ரூபாய். மாதத்தில் வேலை நடக்கும் நாள் 22 என்று கொள்வோம். எஞ்சிய நாட்கள் ஞாயிறும் திருவிழாவும், தரை காயாத நாளும், ஓடு வந்து சேராத நாளுமாகக் கழியும். ஆகவே மாதக் கூலி 55,000. சரக்கு ஆட்டோ வாடகையும் எரிபொருளும் 5,000, தேயும் அறுவை வட்டுகளும் இடைவெளிக் குச்சிகளும் 4,000, அறை வாடகை 2,000, தொலைபேசி 500, ஆக 11,500. இவற்றோடு, இளைஞரின் குடும்பம் உண்ண வேண்டும். அதற்கு மாதம் 20,000 ரூபாய்.

இச்செலவுகள் இன்றே தொடங்கிவிடும். வரவோ இன்று தொடங்குவதில்லை. வேலை முடிந்து, அளந்து, வீட்டுக்காரர் சரிபார்த்து, பணம் கைக்கு வர ஒன்றரை மாதம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்களுக்கோ சனிக்கிழமை மாலையில் கூலி கொடுத்தாக வேண்டும். 'வீட்டுக்காரர் இன்னும் தரவில்லை' என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் உதவியாளரின் வீட்டு அடுப்பு அந்த விடையைக் கேட்டுப் பொறுத்திருக்காது. இரண்டு சனிக்கிழமை கூலி தவறினால் மூன்றாம் திங்கட்கிழமை ஆள் வர மாட்டார். ஆள் வராத இடத்தில் வேலை நிற்கும். வேலை நின்றால் பணம் இன்னும் தள்ளிப்போகும். கைத்திறனில் குறையில்லாத பலர் தொழிலில் முறிந்துபோவது இந்த இடத்தில்தான். ஓடு சரியாகப் பதியவில்லை என்பதனால் அன்று, சனிக்கிழமைக்குப் பணமில்லை என்பதனால்.

ஆகவே ஒன்றரை மாதத்துக்கான நடப்பு முதலை முன்னரே எடுத்து வைக்க வேண்டும். முப்பத்து மூன்று நாள் கூலி 82,500, குடும்பச் செலவு 30,000, மற்றவை 17,250, மொத்தம் 1,29,750 ரூபாய். முதற் பகுதியின் 79,000-ஐக் கூட்டினால் 2,08,750. மூன்றாம் பகுதியாகிய எதிர்பாராச் செலவுக்கு நூற்றுக்குப் பத்து வீதம் 20,875 சேர்த்தால், 2,29,625 ரூபாய்.

இப்போது அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. கருவிக்கான 54,000 ரூபாய், முழுத் தேவையில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. கண்ணுக்குத் தெரியும் பொருளில் போடும் முதலைவிட, நாட்களைக் கடப்பதற்காகப் போடும் முதலே பெரிது.

எதிர்பாராச் செலவு என்பது வீண் அச்சத்தால் சேர்த்த தொகையன்று. ஓட்டின் அடியில் பசை முழுதும் பரவாமல் வெற்றிடம் விழுந்தால், தட்டும்போது பொள்ளென்று ஓசை கேட்கும். அந்த ஓட்டை உடைத்தெடுத்து மீண்டும் பதிக்க வேண்டும். அந்த நாளின் கூலி நம் கையைச் சார்ந்தது. ஓட்டுப் பெட்டியில் நிற எண் அச்சிட்டிருக்கும். ஒரே பெயருள்ள ஓடு வேறு தொகுதியிலிருந்து வந்தால் சாயல் மாறிவிடும். ஓடு போதாமல் பின்னர் வாங்கி, சாயல் மாறி, வேலை நின்று கிடக்கும் நாட்களும் உண்டு. இதனால்தான் நேராகப் பதிக்கும் தரைக்கே நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை கூடுதலாக ஒரே தொகுதியில் வாங்கச் சொல்வது வழக்கம். மூலைவாட்டில் பதிப்பதானால் வெட்டுத் துண்டு மிகுதியாதலால் இன்னும் கூடுதலாக வேண்டும்.

இனி, விலை கூறும் கணக்கு. முதலை எவ்வளவு திரட்டினாலும், சதுர அடிக்குக் கேட்கும் கூலி தவறானால் அது ஓட்டைக் குடத்து நீராகும். இரு கொத்தனார்களும் இரு உதவியாளர்களும் சேர்ந்து நாளொன்றுக்குச் சராசரி 150 சதுர அடி பதிக்கிறார்கள் எனக் கொள்வோம். 22 நாளில் 3,300 சதுர அடி. மாதச் செலவு எவ்வளவு? கூலி 55,000, மற்றவை 11,500, குடும்பத்துக்கு 20,000. இவற்றோடு ஒன்று சேர்க்க வேண்டும். 54,000 ரூபாய்க் கருவிகள் இரண்டு ஆண்டில் தேய்ந்துவிடும் எனக் கொண்டால், மாதந்தோறும் 2,250 ரூபாய் அவற்றின் தேய்மானம். ஆக மொத்தம் 88,750. இதை 3,300-ஆல் வகுத்தால், சதுர அடிக்கு அடக்கவிலை 26 ரூபாய் 89 காசு. ஏறத்தாழ 27 ரூபாய். 32 ரூபாய் கூலி கேட்டால் வரவு 1,05,600. மாதம் 16,850 ரூபாய் மிஞ்சும். தொழில் வளர்வதும் கடன் அடைவதும் இந்த மிச்சத்தினால்தான்.

போட்டிக்கு அஞ்சி 25 ரூபாய்க்கு ஒப்புக்கொள்பவரின் கணக்கைப் பாருங்கள். வரவு 82,500. கூலியும் மற்றச் செலவும் போகக் கையில் 16,000 இருக்கும். 'மாதம் பதினாறாயிரம் இலாபம்' என்று அவர் மகிழ்கிறார். உண்மையில் அது இலாபமன்று. அவர் தம் குடும்பத்துக்கு எடுக்க வேண்டிய 20,000 ரூபாயில் 4,000 குறைகிறது; கருவித் தேய்மானம் 2,250-க்கும் பணமில்லை. மாதந்தோறும் அவர் 6,250 ரூபாய் இழந்துகொண்டிருக்கிறார். இழப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஏனெனில் கருவி இன்று ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டாம் ஆண்டின் முடிவில் கட்டர் நின்றுவிடும்போதுதான், புதியது வாங்கப் பணமில்லை என்பது தெரியவரும். நண்பர்களே, தம் உழைப்புக்குத் தாமே கூலி எழுதாத கணக்கு பொய்க் கணக்கு. சிறு கடைக்காரரும் உழவரும் கைத்தொழிலாளரும் மிகுதியாகச் செய்யும் பிழை இதுவே.

சிலர், 'கூலியில் என்ன மிஞ்சும்? ஓட்டையும் நாமே வாங்கிப் பதித்தால் அதிலும் இலாபம் உண்டே' என்பர். உண்டுதான். ஆனால் முதலைப் பாருங்கள். ஒன்றரை மாதத்தில் பதிக்கும் 4,950 சதுர அடிக்கு, சதுர அடி 60 ரூபாய் வீதம் ஓடு மட்டும் 2,97,000 ரூபாய். இருபது கிலோப் பசை மூட்டை ஒன்று 50 சதுர அடிக்கு வரும் எனக் கொண்டால், 99 மூட்டை வேண்டும். மூட்டை 450 ரூபாய் வீதம் 44,550. ஆக 3,41,550 ரூபாய் கூடுதல் முதல். முன்னர்ச் சொன்ன தொகை இரண்டரை மடங்காகிவிடுகிறது. உடைசலும் நம் தலையில் விழுகிறது. மேலும், கூலி வேலை மட்டுமானால் ஆண்டு வரவு 12,67,200 ரூபாய். 2017-இல் வந்த சரக்கு சேவை வரிச் சட்டத்தின்படி, சேவைத் தொழிலுக்குப் பொதுவாக ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். ஓட்டின் விலையும் சேர்ந்தால் இந்த எல்லையை எளிதில் தாண்டிவிடும். வரிக்கணக்கு எழுத ஆள் வேண்டும். ஆகவே முதலாண்டில் கூலிக்கு மட்டும் ஒப்புக்கொள்வதே அறிவுடைமை என்பது என் கருத்து. நற்பெயரும் மிச்சப் பணமும் சேர்ந்தபின் பொருளோடு ஒப்புக்கொள்ளலாம்.

பணம் எங்கிருந்து வரும்? முதல் ஊற்று வீட்டுக்காரர் தரும் முன்பணம். 4,950 சதுர அடிக்குக் கூலி 1,58,400 ரூபாய். அதில் கால் பங்கை முன்பணமாகப் பெற்றால் 39,600. அப்போது நாம் திரட்ட வேண்டியது 2,29,625-லிருந்து 1,90,025 ரூபாயாகக் குறைகிறது. முன்பணம் கேட்பதில் நாணத்துக்கு இடமில்லை. எழுத்தில் வாங்கி, ரசீது கொடுத்து, அதை அந்த வேலைக்கே செலவிட வேண்டும். எஞ்சிய கூலியையும் கட்டங்களாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்: கூடம் முடிந்ததும் ஒரு பகுதி, அறைகள் முடிந்ததும் ஒரு பகுதி, குளியலறையும் இடுக்குப் பூச்சும் முடிந்ததும் ஒரு பகுதி.

இதற்கு நம் நாட்டு வழக்கத்தோடு இயைந்த ஒரு காரணமும் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் புதுமனை புகுவிழா நடத்துவதில்லை. ஆகவே ஆவணிக்கும் தைக்கும் முன்னர் எல்லா வீட்டுக்காரர்களும் ஒருசேர விரைவுபடுத்துவர். குறித்த நாளுக்குள் தரை முடிய வேண்டும் என்னும் தவிப்பு வீட்டுக்காரருக்கு உள்ள வரையில் பணம் எளிதில் வரும். விழா முடிந்து, வாழைமரம் அவிழ்த்தபின், நாதசுரக்காரருக்கும் சமையற்காரருக்கும் பணம் கொடுத்துக் கை ஓய்ந்த வீட்டில், தரை போட்டவரின் பாக்கி கடைசியாகவே நினைவுக்கு வரும். வீட்டுக்காரரைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. கட்டங்கட்டமாகப் பணம் பெறும் உடன்பாடு இருந்தால், அவருக்கும் ஒரே நாளில் பெருஞ்சுமை வாராது. இருவரின் நட்பும் கெடாது.

இரண்டாம் ஊற்று சொந்தச் சேமிப்பு. மூன்றாவது கடன். ஒரு லட்சம் ரூபாய் கடன் வேண்டும் எனக் கொள்வோம். 'அஞ்சு வட்டி' என்று ஊரில் சொல்வார்களே, அது நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய், ஆண்டுக்கு அறுபது. ஒரு லட்சத்துக்கு மாத வட்டி 5,000 ரூபாய். வங்கியில் ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு என்று கொண்டாலும் மாத வட்டி 1,000 ரூபாய். 3,300 சதுர அடிக்கு இதைப் பங்கிட்டால், வங்கிக் கடன் ஒவ்வொரு சதுர அடியிலும் 30 காசு ஏற்றுகிறது. தனியார் கடனோ ஒன்றரை ரூபாய்க்கு மேல் ஏற்றுகிறது. நல்ல மாதத்தில் இந்த வேற்றுமை பெரிதாகத் தோன்றாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேலை 12 நாளாகக் குறைந்ததென்று வையுங்கள். 1,800 சதுர அடிக்கு வரவு 57,600. கூலி 30,000, குடும்பம் 20,000, மற்றவை குறைந்து 9,000, ஆக 59,000. கையைக் கடிப்பது 1,400 ரூபாய். வங்கி வட்டியோடு அது 2,400. தனியார் வட்டியோடு 6,400. அந்த 6,400-க்காக மீண்டும் கடன் வாங்குவார். அதற்கும் வட்டி ஏறும். இரண்டு மழைக்காலத்தில் கருவிகள் அடகுக்குப் போகும். முதலாளியாகத் தொடங்கியவர் மீண்டும் கூலிக்குச் செல்வார், கடனையும் சுமந்துகொண்டு. கொடுவட்டியைத் தடுக்க நம் மாநிலத்தில் 2003-இல் சட்டம் வந்தது. ஆயினும், சட்டத்தின் துணையை நாடும் நிலை வாராமல் முன்னரே கணக்கிடுவது மேல். 2015-இல் தொடங்கிய முத்ரா திட்டத்தின்கீழ், ஈடு கேட்காமல் சிறுதொழிலுக்கு வங்கிகள் கடன் தருகின்றன. 50,000 ரூபாய் வரை ஒரு படி, அதற்குமேல் 5 லட்சம் வரை அடுத்த படி. நாம் இப்போது போட்ட கணக்கைத் தெளிவாக ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்பவரை வங்கி அலுவலர் மதிப்பார். ஏனெனில் கடனைத் திருப்பும் வழியும் அதே தாளில் எழுதியிருக்கும்.

இறுதியாக, எழுதும் பழக்கம். ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் மூன்று வரி போதும்: இன்று வந்தது, இன்று சென்றது, இன்று பதித்த சதுர அடி. மாத முடிவில் செலவைச் சதுர அடியால் வகுத்தால் தம் அடக்கவிலை தெரிந்துவிடும். நான் 27 ரூபாய் என்று சொன்னது எடுத்துக்காட்டே. அவரவர் அடக்கவிலையை அவரவர் ஏடுதான் சொல்லும். தொழிற் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் ஒரே பையில் போடாதிருப்பதும் இதனோடு சேர்ந்த ஒழுக்கம். குடும்பத்துக்கு 20,000 என்று வகுத்தால், அதை மாதத் தொடக்கத்தில் வீட்டில் கொடுத்துவிட்டு, மற்றதைத் தொழிலின் உடைமையாகவே கருத வேண்டும். இந்த ஏட்டை எழுதப் பட்டம் வேண்டியதில்லை. பள்ளியில் படிக்கும் தம்பியோ தங்கையோ தந்தைக்கு எழுதித் தரலாம். இதைக் கேட்கும் மாணவர்களுள் யாரேனும் இன்றிரவே அப்பணியைத் தொடங்கினால், அது அக்குடும்பத்துக்குச் செய்யும் பெருந்தொண்டாகும்.

திருக்குறளில் வலியறிதல் என்னும் அதிகாரம் அரசனுக்குச் சொன்னது என்பர். அவ்வதிகாரத்திலேயே வள்ளுவர் வருவாயையும் செலவையும் பற்றிப் பேசுகிறார். வரும் வழி சிறியதாயினும் செல்லும் வழி அதனினும் பெருகாதிருந்தால் கேடில்லை என்பது அவர் கருத்து. தன் வலிமையை அறிதல் என்பதில் தன் பணப்பையை அறிதலும் அடங்கும் என்று அவர் கொண்டமை எண்ணத்தக்கது. நாடாள்வோர்க்கு வேண்டிய அவ்வறிவு நான்கு பேரை வைத்து வேலை வாங்கும் மேஸ்திரிக்கும் வேண்டும்.

ஓடு பதிப்பவர் வேலையைத் தொடங்கும்போது, பசையைக் கலப்பதற்கு முன் அறையின் நடுக்கோட்டை நூல் பிடித்துக் குறிக்கிறார். ஓடுகளைப் பசையின்றி அடுக்கிப் பார்க்கிறார். எந்த மூலையில் வெட்டுத் துண்டு விழும் என்பதை முன்னரே கண்டுகொள்கிறார். அதற்குச் செல்லும் அரை மணி நேரத்தை அவர் வீணென்று எண்ணுவதில்லை. தொழிலைத் தொடங்குமுன் தாளில் போடும் இந்தக் கணக்கும் அத்தகையதே. கையில் திறனுள்ள இளைஞர் ஒருவர், கணக்குத் தெரியாத காரணத்தால் வீழ்ந்துவிடாமல் காக்க, படித்தவர்களாகிய நாம் அவரருகே ஒரு மாலைப் பொழுது அமர்ந்தால் போதும். உங்கள் தெருவிலேயே அப்படி ஒருவர் இருப்பார்; அவரைத் தேடிச் சென்று, தாளும் பென்சிலும் எடுத்து, மூன்று பகுதியாகக் கோடிடுங்கள்.